ஊசி குத்தினால் கீழாநெல்லி தேடாதீர்கள்

துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு, ஆஸ்பத்திரிக் குப்பையைக் கட்டும்போது விரலில் ஊசி ஏறுகிறது. அந்த அக்கா விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைத் தொடர்கிறார். இரண்டு நாள் கழித்து வீட்டில் சொன்னதும் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கிறார்கள். பத்தாம் நாள் லேபுக்கு வந்து, "காமாலை இருக்கான்னு பாருங்க" என்கிறார். மண்டபம் தொடங்கி தொண்டி வரை இந்தக் கரையில் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பத்தாம் நாள் எடுக்கும் டெஸ்ட் பெரும்பாலும் ஊசி குத்துவதற்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். இப்படி ஊசியால் தொற்றக்கூடிய, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமியான ஹெபடைடிஸ் பி வெளியே தெரிய ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். மருந்து பலன் தரும் நாள்களோ அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பெரும்பாலும் கல்லீரல் கெட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது ஹெபடைடிஸின் ஏ, ஈ வகைகள். பி வகை ரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் வருவது. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே பச்சிலையைக் கொடுக்கிறோம். பி தொற்றிய பெரியவர்களில் 100க்கு சுமார் 95 பேருக்கு உடம்பே கிருமியை விரட்டிவிடுகிறது. அவர்கள் என்ன குடித்திருந்தாலும் சரியாகியிருக்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகிறது. மிச்சம் ஐந்து பேருக்குக் கண் மஞ்சளாகாமலே கிருமி உள்ளே தங்கி, பல வருடம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தெரியவரலாம். "எனக்குச் சின்ன வயசுல காமாலை வந்து போயிடுச்சு, தடுப்பூசி வேண்டாம்" என்பதும் தப்பு. வந்தது ஏ வகையாக இருந்தால் அது பி-யைத் தடுக்காது.

தடுப்பூசி போடாத ஒருவரை, பி கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு அது 1000க்கு 3தான். எல்லோரும் பயப்படுவது எதற்கு என்று பாருங்கள்! காய்ந்த ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

ஊசி குத்தினால் உடனே சோப்பும் ஓடும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பிளீச்சிங் ஊற்ற வேண்டாம். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர் போதும். மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் அவருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு, அந்த ரத்தத்தில் கிருமி இருந்தால், ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் பொருள் உள்ள ஊசி) தேவை. கிலோவுக்கு 0.06 மி.லி. கணக்கு, 60 கிலோ உள்ளவருக்கு 3.6 மி.லி. இதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஏழு நாள் தாண்டினால் நம்ப முடியாது. அதே நாளில் வேறொரு இடத்தில் தடுப்பூசியின் முதல் தவணை.

இந்த ஓட்டமே வேண்டாம் என்றால், குத்துவதற்கு முன்பே மூன்று தவணையை முடித்துவிடுங்கள்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். புஜத்தில்தான் போட வேண்டும், இடுப்பில் அல்ல. இரண்டு போட்டு விட்டுப்போனவர்கள் மூன்றாவதைப் போட்டால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்ட்டி ஹெச்.பி.எஸ். (தடுப்பூசியால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பு மருந்தைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. எவ்வளவு ஐஸோ அவ்வளவு நல்லது என்பது மீனுக்குச் சரி, இந்த ஊசிக்குச் சரியில்லை. உறைந்தால் வீண்.

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி-யையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி) வந்தது 2011 டிசம்பரில். இன்று வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் பிறந்தவர்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் பொறுப்பை ஆஸ்பத்திரி நடத்துபவர்மேல்தான் வைக்கின்றன. "கான்ட்ராக்ட் ஆளுங்க, வந்து போவாங்க" என்று தட்டிக்கழிக்காதீர்கள். உங்கள் ஊசியைத் தினமும் அள்ளுவது அவர்கள்தான்.

போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். கட்டரில் வெட்டி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போடுங்கள். பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். மெல்லிய கையுறை ஊசியைத் தடுக்காது. குப்பை கட்டுபவருக்குத் தடித்த ரப்பர் கையுறையும், விரல் தெரியும் செருப்புக்குப் பதில் மூடிய ஷூவும் கொடுங்கள். ரத்தம் சிந்தினால் துணியைப் போட்டு மூடி, 1 சதவீதக் குளோரின் கரைசல் ஊற்றி அரைமணி நேரம் விட்டுத் துடையுங்கள். லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், தினமும் புதிதாகக் கரைத்தது. நம் கடற்கரை ஈரத்தில் திறந்து கிடக்கும் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். வாசனை மட்டும் மிஞ்சும்.

முடி இறக்கும் அண்ணன்மார்களே, ஒரு தலைக்கு ஒரு புதுப் பாதி பிளேடு. டெட்டாலில் நனைத்த பழைய பிளேடு வேண்டாம். ஒரே படிகாரக் கட்டியை எல்லோர் கீறலிலும் தேய்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், கிருமியைக் கொல்லாது. உங்கள் கையிலும் வெட்டு விழுகிறது, நீங்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஊழியர் ஒருவருக்குக் கிருமி இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், தட்டைத் தனியாக வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். கூடவே கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியைத் தொடங்குங்கள். கிருமி உள்ள பெண் கர்ப்பமாக இருந்தால் பிரசவம் பார்க்கும் இடத்தில் முன்பே சொல்லிவையுங்கள். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் தயாராக இருக்க வேண்டும்.