சொன்ன நாளில் வருபவர்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். போன படகு விடிந்தும் திரும்பவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாகச் செய்தி வருகிறது. அம்மா கடல்பாசி எடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். மறுநாள் வகுப்பில் யாரோ அவன் பேனாவை எடுக்க, கைகலப்பாகிவிடுகிறது. திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குகிறான். இப்படிப்பட்ட பிள்ளையைத் தவறாமல் வந்து பார்த்துப் பேசும் வழிகாட்டி ஒருவரால் என்ன மாறும் என்பதுதான் இங்கே பேச்சு.

அது திமிர் இல்லை. மூளையின் உள்ளே அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தை மோப்பம் பிடித்து உடலை உசுப்புகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, "பொறு, யோசி" என்று அதை அடக்குகிறது. அடக்கும் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். நாளைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு எச்சரிக்கை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் பேனா போனதுகூடப் பெரிய ஆபத்தாகத்தான் தெரியும்.

"கோபப்படாதே" என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. கோபத்தை அடக்க வேண்டிய பகுதிதான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதே. வழிகாட்டியாக வரும் ஓர் அண்ணனோ அக்காவோ முதலில் செய்வது, தன் நிதானத்தை அவனுக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுப்பதுதான். அழும் குழந்தை தாயின் தோளில் அடங்குவதும் இப்படித்தான். பதறாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் நம் மூச்சும் படபடப்பும் தணிகின்றன. இது பலமுறை நடக்க நடக்க, அடங்கும் பழக்கம் பிள்ளைக்குள்ளேயே ஊன்றிவிடுகிறது.

அப்புறம் பேச்சு. நம்மிடம் "ஒரு மாதிரி இருக்கு", "மனசு சரியில்ல" என்று எல்லாவற்றையும் ஒரே பொதிக்குள் கட்டிவிடும் வழக்கம் உண்டு. "கோவமாடா, பயமா?" என்று அண்ணன் கேட்கிறார். "தெரியலண்ணே" என்கிறான். நாலைந்து வாரம் கழித்து ஒரு நாள், "அப்பா வரமாட்டாரோன்னு பயமா இருக்குண்ணே" என்கிறான். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது அமிக்டலாவின் துடிப்பு குறைவதாக 2007இல் வெளியான ஒரு மூளைப் பட ஆய்வு காட்டியது. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அதைக் கையால் காட்ட வேண்டிய தேவை குறைகிறது.

மூன்றாவது, கண்ணால் கண்டு கற்பது. ராமேஸ்வரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் பள்ளியில் படித்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஐயரின் மனைவி தன் சமையலறையில் வேறு மதத்துப் பையனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியிடம் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வரச் சொன்னார். தயங்கிய சிறுவனுக்குத் தைரியமும் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மாவே உள்ளே அழைத்துப் பரிமாறினார். அவமானம் நேரும் இடத்தில் பெரியவர் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்தச் சிறுவன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். எனக்கு அந்தச் சாப்பாட்டை விடப் பெரியதாகப் படுவது, "அடுத்த வாரமும் வா" என்ற அழைப்புதான்.

ஆய்வுகளும் அந்த அடுத்த வாரத்தைத்தான் சுட்டுகின்றன. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார்.

ஆனால் பாதியில் விட்டால் பலன் இல்லை என்பதோடு போவதில்லை, பாதகமும் வரும். அமெரிக்காவில் வழிகாட்டித் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன்கள் அதிகம் தெரிந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததை விடக் குறைந்தது. காத்திருந்து ஏமாந்து பழகிய பிள்ளைக்கு இன்னொரு ஆளும் வராமல் போனால் என்ன தோன்றும்? "எங்கிட்டதான் ஏதோ கோளாறு" என்றுதான்.

வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் தொடர் துணையும் கிடைக்கும் திட்டங்களில் பலன் கூடுகிறது. பெற்றோரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்தக் கரையில் வேலை செய்ய வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கூலி நின்றுவிடும், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு ஆள் வருவார். கோடை விடுமுறை என்பதால் பிள்ளையும் வீட்டில்தான் இருப்பான். பள்ளி மூடியாச்சு, ஜூனில் பார்ப்போம் என்று நீங்களும் போய்விடாதீர்கள். வர முடியாத வாரம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் மாறிப் போவதாக இருந்தால், உங்களுக்குப் பதில் வருகிறவரை அழைத்து வந்து, அவனுக்கு அறிமுகம் செய்து வைத்துவிட்டுப் போங்கள்.