ஓபல் மோதிரம்: தண்ணீர் படலாமா, கூடாதா?

கொழும்புச் செட்டியார் தெருவில் ஓபல் மோதிரம் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு கடைகளில் இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். "கல் காயக்கூடாது, இடைக்கிடை தண்ணீரில் போட்டு வையுங்கோ" என்பார் ஒருவர். "கை கழுவ முதல் கழற்றிப்போடுங்கோ, ஒரு சொட்டும் படக்கூடாது" என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது வேறு வேறு கற்களைப் பற்றி. ஓபல் என்ற ஒரே பெயரில் விற்கப்படுகிறவற்றுள் நீர் உறிஞ்சாத முழுக் கல் உண்டு, நீர் உறிஞ்சும் முழுக் கல் உண்டு, பசை வைத்து ஒட்டிய அடுக்குக் கல்லும் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரியாமல் பராமரிப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஓபல் என்பது சிலிக்காவும் நீரும் சேர்ந்தது. வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸும் சிலிக்காதான், ஆனால் அதில் அணுக்கள் படிகமாக ஒழுங்குபட்டு நிற்கும். ஓபலில் அணுக்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். 1964இல் ஜே. வி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலிய ஓபலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, நிறங்கள் பிறப்பது இந்த அடுக்கில்தான் என்று விளக்கினார். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் எந்த நிறம் வலுக்கும் என்பதை உருண்டையின் அளவு தீர்மானிக்கிறது. நேராக விழும் ஒளியில் அந்த அலைநீளம் உருண்டையின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 2.4 மடங்கு. 200 நனோமீற்றர் உருண்டை நீலத்தோடு நின்றுவிடும். சிவப்பு வர 300 நனோமீற்றர் அளவில் உருண்டை வேண்டும். சிவப்பு காட்டும் கல்லைச் சரித்தால் அது மஞ்சளுக்கும் பச்சைக்கும் இறங்கும். நீலக் கல்லை எப்படித் திருப்பினாலும் சிவப்புக்கு ஏறாது. சிவப்புக்கு விலை கூட இருப்பது வெறும் மோகத்தால் மட்டுமல்ல.

கல்லின் பலவீனமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. உருண்டைகளுக்கு இடையே உள்ள வெளியிலும் உருண்டைகளுக்குள்ளும் நீர் தங்கியிருக்கிறது. பெரும்பாலான கற்களில் அது எடையில் 3 முதல் 10 வீதம், சிலவற்றில் அதற்கும் மேல். மோஸ் அளவையில் ஓபலின் கடினம் 5.5 முதல் 6.5 வரை. நம் கடைகளின் நாளாந்தக் கல்லான நீலக்கல் 9. சாதாரண வீட்டுத் தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. அதனால், மங்கிய ஓபலைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது அதை மெதுவாக அரைப்பதற்குச் சமம். முதலில் தூசியை அகற்ற வேண்டும், துடைப்பது அதற்குப் பிறகுதான்.

எந்தக் கல் என்று அறிவது

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் பக்கத்துக் கற்கள் பெரும்பாலும் நீர் உறிஞ்சாதவை. எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்திலிருந்து 2008க்குப் பிறகு சந்தைக்குப் பெருமளவில் வந்த கற்களில் பெரும்பாலானவை நீர் உறிஞ்சும். ஹைட்ரோஃபேன் என்பது இந்த வகைதான். விலை மலிவாகவும் நிறம் அள்ளிக் கொட்டியதுபோலவும் இருக்கும் வெள்ளை ஓபலைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளிது. கல்லின் அடிப்பக்கத்தில், அது மூடியிருந்தால் ஓரத்தில், சுத்தமான தண்ணீர் ஒரு சிறு சொட்டு வைத்து, 10 மடங்கு லென்ஸால் இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். உறிஞ்சாத கல்லில் சொட்டு குமிழாகவே நிற்கும். உறிஞ்சும் கல்லில் சொட்டு தட்டையாகி உள்ளே இறங்க, அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளியும். கட்டாத கல்லென்றால் தராசு இன்னும் தெளிவாகச் சொல்லும். 5 கரட் கல்லை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரம் ஒற்றி நிறுக்கும்போது 5.4 காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில கற்களில் எடை 10 வீதத்துக்கும் மேல் ஏறுவதுண்டு.

அடுக்குக் கல்லைப் பிடிக்கப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இரட்டைக் கல்லில் மெல்லிய ஓபல் தகடு கறுப்பு அடித்தளத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மூன்றடுக்குக் கல்லில் அதற்கு மேல் குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடி ஒன்றும் இருக்கும். கோடு போட்டதுபோல் நேராக ஓடும் இணைப்பும் அதில் சிக்கிய காற்றுக் குமிழும் காட்டிக்கொடுத்துவிடும். இயற்கை ஓபல் தன் தாய்க் கல்லோடு சேருமிடம் பெரும்பாலும் வளைந்து நெளிந்துதான் போகும். மோதிரக் கட்டு பக்கத்தையும் அடியையும் முழுதாக மூடியிருந்தால், கடைக்காரர் எழுத்தில் தராதவரை அது முழுக் கல் என்று நம்ப வேண்டாம். பெரிய தொகை என்றால் கல்லைக் கட்டுவதற்கு முன்பே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் காட்டுவது நல்லது.

தண்ணீர் என்ன செய்கிறது

உறிஞ்சாத முழுக் கல்லுக்கு நல்ல தண்ணீர் நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. உள்ளே உள்ள நீர் பல இலட்சம் ஆண்டுகளாக அடைபட்டது. கிண்ணத்துத் தண்ணீர் அதைக் கூட்டப்போவதில்லை. "ஊறவைத்தால் உயிர் வரும்" என்பது வீண் நம்பிக்கை. இந்தக் கல்லுக்கு ஆபத்து திடீர் உலர்ச்சியும் திடீர் வெப்பமும்தான். மேற்பரப்பு நீரை இழந்து சுருங்கும்போது உட்பகுதி சுருங்காமல் நிற்கும். அந்த இழுவையில் சிலந்திவலை போன்ற மெல்லிய வெடிப்புகள் விழும். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அவை வெள்ளி நூலாக மின்னும். விழுந்த வெடிப்புக்கு மருந்து இல்லை. எண்ணெயோ பிசினோ ஏற்றி மறைக்கலாம். கொஞ்ச நாளில் அது மீண்டும் தெரியும்.

இந்த விடயத்தில் கொழும்பு ஓபலுக்கு நல்ல ஊர். காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கு மேல். ஏசி அறையில் இருந்து வேலை செய்வதால் ஒன்றும் ஆகிவிடாது. பயப்பட வேண்டியது நகைப்பெட்டிக்குள் நல்லெண்ணத்தோடு போடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுதும் எரியும் சூடான விளக்குக்கும்தான். வங்கிப் பெட்டகத்தில் மாதக்கணக்கில் வைப்பதானால், இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் தொட்ட பஞ்சோடு சிறு பொலித்தீன் பையில் அடைத்து வையுங்கள். ஆனால் இது உறிஞ்சாத கல்லுக்கு மட்டும்.

உறிஞ்சும் கல்லில் கதை வேறு. அதன் நுண்துளைகளில் இருப்பது காற்று. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, ஓபலுக்கு ஏறத்தாழ 1.45. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் நிறத்துக்குப் பலம். துளைக்குள் 1.33 கொண்ட தண்ணீர் புகுந்ததும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. கல் கண்ணாடிபோல் தெளிந்து, நிறம் மங்கும்; சில கற்களில் முழுதாகவே மறையும். "கல் செத்துப்போச்சு" என்று பதறிக் கடைக்கு ஓடுபவர்கள் பலர். சாகவில்லை, நனைந்திருக்கிறது. மெல்லிய துணிமேல், நிழலில், மின்விசிறிக்கு நேரே இல்லாமல் வைத்தால் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் பெரும்பாலும் நிறம் திரும்பும். தடித்த கல்லுக்கு அதற்கு மேலும் எடுக்கலாம். தலைமயிர் உலர்த்தும் கருவியையோ வெயிலையோ நாடினால் அப்போதுதான் கல் உண்மையில் வெடிக்கும்.

தண்ணீர் திரும்பிப் போய்விடும். அதில் கரைந்து வந்தது போகாது. நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சுக்கிரனுக்கு வைரம் கட்ட வசதிப்படாதவர்கள் சோதிடர் சொல்லி ஓபல் கட்டுவதுண்டு. அணியும் முன் மோதிரத்தைப் பாலிலும் தேனிலும் மஞ்சள் நீரிலும் இட்டு எடுப்பார்கள். எத்தியோப்பியக் கல்லென்றால் மஞ்சள் அதற்கு நிரந்தரச் சாயம். பாலின் கொழுப்பு துளைக்குள் தங்கி நாளடைவில் பழுப்பேறும். சடங்கைக் கைவிடச் சொல்லவில்லை. கல் படாமல் மோதிரத்தின் வளையத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தொட்டு எடுத்தாலும் சடங்கு நிறைவேறும். கல் தோலில் படவேண்டும் என்று அடி திறந்து கட்டுவது இன்னொரு வழக்கம். அந்தத் திறப்பின் ஊடாக வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கல்லின் அடியிலிருந்து ஏறும். திறந்துதான் கட்ட வேண்டுமென்றால் உறிஞ்சாத கல்லைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

அடுக்குக் கல்லில் தண்ணீர் தாக்குவது பசையை. ஒரு நாள் கை கழுவியதில் ஒன்றும் ஆகாது. தினமும் குளிப்பும் பாத்திரம் கழுவலும் சேர்ந்து வர, ஓரத்திலிருந்து சாம்பல் நிறப் புகைபோல் ஒன்று உள்ளே பரவத் தொடங்கும். அது இணைப்பு விட்டுப்போவதன் அடையாளம்.

கழுவுவதும் கழுவக்கூடாததும்

உறிஞ்சாத முழுக் கல்லுக்கு, ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு மென்மையான பாத்திரத் திரவம் போதும். நீர் உடம்புச் சூட்டைத் தாண்டக் கூடாது. மோதிரத்தை முதலில் நீரில் அசைத்துத் தூசியைப் போக்கி, குழந்தைகளின் பல் தூரிகையால் அடிப்பக்கத்தை ஒரு நிமிடம் தேய்த்து, அலசி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். உறிஞ்சும் கல்லையும் அடுக்குக் கல்லையும் முக்கவே வேண்டாம். பிழிந்த ஈரத் துணியால் கல்லை ஒரு முறை துடைத்துவிட்டு, பஞ்சுக் குச்சியால் தங்கத்தை மட்டும் துலக்கினால் போதும்.

பற்பசையைத் தொடவே வேண்டாம். பற்பசையில் உராய்வுக்காகச் சேர்ப்பது பல வகைகளில் நீரேறிய சிலிக்காதான், ஓபலின் உறவுக்காரன். சாம்பல் போட்டுத் துலக்கும் பழைய முறையும் அப்படித்தான். நெல் உமியிலும் புல்லிலும் செடி சேர்த்து வைத்திருப்பது ஓபல் வகைச் சிலிக்கா என்பதால் உமிச் சாம்பல் ஓபலை ஓபலால் தேய்ப்பதாகிவிடும். சலவைத்தூளும் வெளுக்கும் திரவமும் காரத்தன்மை கொண்டவை. படிகமற்ற சிலிக்காவைக் காரம் குவார்ட்ஸைவிட எளிதாகக் கரைக்கும், மேற்பரப்பின் மெருகு போய்விடும். தேசிக்காய்ப் புளி கல்லைக் கரைக்காது. ஆனால் உறிஞ்சும் கல்லுக்குள் புகுந்துவிடும். வெள்ளி துலக்கும் திரவமும் அப்படியே. கடைகளில் உள்ள மீயொலித் தொட்டிக்கும் நீராவிக் கருவிக்கும் எந்த ஓபலையும் கொடுக்காதீர்கள். "நீலக்கல்லுக்கு ஒன்றும் ஆகேல்லையே" என்பார்கள். நீலக்கல்லை 1500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி நிறம் கூட்டுவதே இந்த ஊர்த் தொழில். அந்தக் கைப்பழக்கம்தான் ஓபலுக்கு எமன்.

மோதிர அளவை மாற்றும்போதுதான் மிகக் கூடுதலான ஓபல்கள் உடைகின்றன என்று துணிந்து சொல்லலாம். தங்கப் பற்றாசு உருகப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். வளையம் அதைக் கல்லுக்குக் கொண்டுபோகும். ஈரத் துணி சுற்றிச் சமாளிப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, வளையத்தை மட்டும் ஊதி ஒட்டி, அமில நீரில் போட்டு எடுத்து, மெருகிட்ட பின்பே கல்லைத் திரும்பக் கட்டவேண்டும். லேசர் ஒட்டு செய்யும் பட்டறை கிடைத்தால் நல்லது, சூடு ஒரு புள்ளியோடு நிற்கும்.

கட்டு விடயத்தில் நம் 22 கரட் தங்கத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. கல்லைச் சுற்றித் தகட்டை மடிக்கும் கட்டுக்கு அது மிக இணக்கமானது, கல்லை நெரிக்காமல் மெல்லிய அழுத்தத்திலேயே வளையும். ஆனால் நான்கு கொக்கியில் நிறுத்துவதானால் அதே மென்மை வினையாகும். கொக்கி நிமிர்ந்து கல் ஆடும். அதற்கு 18 கரட் மேல். கல் உட்காரும் இருக்கை சமதளமாக இருக்கவேண்டும். அடியில் ஒரு மேடு இருந்தாலும் கதவில் கை இடித்த அன்றைக்கு அந்த இடத்திலிருந்துதான் பிளவு கிளம்பும். நாளாந்தம் போடும் மோதிரத்துக்கு நடு உயரம் 2.5 மில்லிமீற்றருக்குக் குறைந்த முழுக் கல்லை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். தேங்காய் துருவும்போதும், வீட்டைக் கூட்டும்போதும், கல்கிசைக் கடலில் இறங்கும்போதும் எந்த ஓபலையும் கழற்றிவிடுங்கள்.

கீறல் விழுந்து மங்கிய கல்லை மீண்டும் மெருகிடலாம். நீலக்கல் தீட்டும் கைக்குப் பழகிய வேகத்தைக் குறைத்து, நீர் விடாமல் ஊற்றி, கடைசியாக ஃபெல்ட் சில்லில் சீரியம் ஒக்சைட் என்ற மெருகுத் தூள் கொண்டு முடிப்பார்கள். தீட்டும்போது பிடிப்பதற்காகக் கல்லைக் குச்சியில் பொருத்தச் சூடான அரக்கு வேண்டாம், குளிரில் ஒட்டும் பசை போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹைட்ரோஃபேன் என்றால் பட்டறையின் அழுக்கு நீரும் பொலிஷ் கலவையும் உள்ளே இறங்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். இரட்டைக் கல்லின் ஓபல் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியதாக இருப்பதுண்டு. அதைச் சில்லில் வைப்பதற்கு முன் தடிப்பை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.