இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பிடிக்கவில்லையா? ராஜினாமாவுக்கு முன் காலண்டரைத் திறங்கள்

எம்பிஏ முடித்து மும்பையில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் சேர்ந்த பிள்ளைகள் பலர் ஓராண்டுக்குள் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். "சார், இதை விட்டுட்டு வேற எதுக்குப் போகலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எது பிடிக்கவில்லை என்பதையே நிறைய பேர் இன்னும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கம்பெனிகளை மதிப்பிடுவது, இணைப்பது, பங்குச் சந்தைக்குக் கொண்டுவருவது என்று வகுப்பில் படித்துவிட்டுப் போகிறவருக்கு முதல் இரண்டு வருஷம் கிடைப்பது கம்பெனிக் கணக்குகளை ஓட்டிப் பார்க்கும் எக்செல் மாடலும், டீல் பிடிக்க வாடிக்கையாளரிடம் காட்டும் பிட்ச் புக்கும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு, "இந்த அட்டவணையில் அடிக்குறிப்பு விட்டுப்போச்சு" என்று மெயில் வரும். ஐபிஓ, அதாவது முதல் பங்கு வெளியீட்டு வேலை என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணத்தில் உள்ள எண் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடிச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் டீலே நின்றுபோவதும் உண்டு.

இது தாங்கவில்லை என்றால் "நான்தான் லாயக்கில்லையோ" என்று குமைய வேண்டாம். 2021இல் அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கான கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கில், வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை, இரவில் 5 மணி நேரத் தூக்கம் என்று வந்தது. 2024இல் ஜேபி மார்கன் ஜூனியர்களுக்கு வரம்பு வைத்தபோது, அந்த வரம்பே வாரம் 80 மணி நேரம்!

தூக்கம் கெட்டவருக்கு எந்த வேலையும் பிடிக்காது. ஆகவே முதலில் ஒரு வாரமாவது லீவு போட்டுத் தூங்குங்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழ்வதில் பிடிப்பில்லை என்றால் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்.

அதன்பிறகு கடந்த இரண்டு மாத காலண்டரைத் திறந்து, எந்த வேலையின்போது நேரம் போனதே தெரியவில்லை என்று குறிக்கச் சொல்வேன். கரூரிலிருந்து போன ஒரு தம்பி, "ஃபைனான்ஸே வேண்டாம் சார், யுபிஎஸ்சி எழுதப்போறேன்" என்று வந்தார். அவர் குறித்தது ஒரே ஒரு நாளை. புனே பக்கம் சாக்கனில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு டியூ டிலிஜென்ஸுக்கு, அதாவது டீலுக்கு முன் கம்பெனியின் கணக்கையும் நிலைமையையும் நேரில் சரிபார்க்க, போன நாள் அது. கணக்குப் பிரிவு மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து, குடோனில் சரக்கு ஏன் இவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு மாதமாகக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது. அவருக்கு வெறுத்தது ஃபைனான்ஸ் இல்லை, ஒரு கம்பெனியைத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டியிருந்ததுதான். இப்போது கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கிறார். சம்பளம் கிட்டத்தட்ட பாதி.

எல்லாருக்கும் இப்படி அமையாது. குறிக்க ஒரு நாள்கூட இல்லாமல் போனவர்களும் உண்டு, அவர்கள் துறையையே மாற்றுவதுதான் சரி. ஆனால் பிளேஸ்மென்ட் நாளில் பெயரையும் சம்பளத்தையும் பார்த்து ஓடியதுபோல் அடுத்ததற்கும் ஓடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. போக நினைக்கும் வேலையில் இருப்பவர்களிடம் போய், "நேத்து காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி, செபியின் கிரேடு ஏ அதிகாரி தேர்வுகள் எழுதும் எண்ணமிருந்தால், பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 30 என்பது நினைவிருக்கட்டும்.

பண விஷயத்தை வீட்டில் மறைக்காதீர்கள். கல்விக்கடன் பாக்கி, ஈஎம்ஐ, புதுச் சம்பளம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் கோபம் வருவது சம்பளம் குறைந்ததற்காக அல்ல, கடைசியில் தெரிந்ததற்காக. ஆஃபர் லெட்டரை எடுத்து, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டுமா என்று பாருங்கள். பிஎஃப் பணத்தை எடுத்துவிடாமல் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷ சர்வீஸுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. பெற்றோரும் உங்கள் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் விலகியதும் அவர்களுக்கும் அது நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று கடைசி வேலை நாளுக்கு முன்பே ஹெச்ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.