கண்மாயும் ஊற்றும்

தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஆறு வயதில் என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, டாக்டர். மதுரைக்கு அலைந்து காப்பாற்றினோம். இப்போது பெண் கேட்டு வருகிறார்கள். அவளுக்குக் குழந்தை பிறக்குமா?"

என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகைக்குத் தரப்படும் வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை கருவளத்தை நிரந்தரமாகக் கெடுப்பது அரிது. சைக்ளோபாஸ்பமைடு அப்படியல்ல. அது டி.என்.ஏ. இழைகளையே பிணைத்துவிடும், உறங்கிக் கிடக்கும் செல்லையும் விடாது. ஆனாலும் வழக்கமான சிகிச்சையில் அதன் மொத்த அளவு பெரும்பாலும் குறைவுதான்.

சினைப்பை நம் ஊர்க் கண்மாய் மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் பெருகியதோடு சரி, பிறகு வற்றத்தான் செய்யும். பெண் குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது 3, 4 லட்சம்தான் மிஞ்சும். புதிதாக ஒன்றும் சேராது. கடுமையான சிகிச்சை மடையைத் திறந்துவிட்டதைப் போன்றது. மாதவிடாய் ஒழுங்காக வரலாம், ஆனால் 40 வயதுக்கு முன்பே நின்றுவிடலாம். இருப்பு எவ்வளவு என்பதை, சினைப்பை சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை ஓரளவு காட்டும்.

ஆணின் விரைகளோ கடலோர மணலில் தோண்டும் ஊற்று. சிரட்டையால் மொள்ள மொள்ளச் சுரக்கும். விந்தணுவைத் தரும் தாய்ச்செல்கள் கொஞ்சம் பிழைத்திருந்தாலும், சில ஆண்டுகள் கழித்துக்கூட உற்பத்தி திரும்பலாம். அவை முற்றிலும் அழிந்தால் ஊற்றுக்கண் அடைந்துவிடும். ஆண்மை ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் இன்னும் உறுதியானவை. அதனால் மீசை முளைக்கும், குரல் உடையும், தாம்பத்தியத்தில் குறை இருக்காது. விந்தணு மட்டும் இருக்காது. விந்துப் பரிசோதனை செய்யாமல் இது தெரியவே தெரியாது. அதைச் செய்யாமல் மருமகளைக் கோயில் கோயிலாக, தர்கா தர்காவாக அலைய விடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் முழு உடல் கதிர்வீச்சையும் புசல்பான் என்ற மருந்தையும்தான். மருந்து எளிதில் எட்டாத விரைகளில் புற்றுச்செல்கள் பதுங்கிக்கொண்டால் அங்கேயும் கதிர்வீச்சு தருவார்கள். தலைக்கு அதிக அளவில் தந்த கதிர்வீச்சு, சினைப்பைக்கும் விரைகளுக்கும் கட்டளையிடும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பாதிக்கும்.

பருவமடைந்த பையன் என்றால் சிகிச்சைக்கு முன்பே விந்தை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கலாம். பெண்ணுக்குக் கருமுட்டை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ரத்தப் புற்றுநோய் பல நேரங்களில் அவ்வளவு அவகாசம் தராது.

மீண்டவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடுகள் அதிகமாகக் காணப்படவில்லை. இதை அந்தத் தாயிடம் இரண்டு முறை சொன்னேன். இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய டானோரூபிசின், டாக்சோரூபிசின் மருந்துகளைப் பெற்றிருந்தால் கருவுறுமுன் இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பது அவசியம்.

அடுத்த வாரம் அவர் உப்புக்காற்றில் பழுப்பேறிய பழைய கோப்போடு வந்தார். கதிர்வீச்சு இல்லை, மஜ்ஜை மாற்று இல்லை; சைக்ளோபாஸ்பமைடும் குறைந்த அளவே. அவர் முகம் தெளிந்தது. மகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அடுத்த முறை அவளையும் அழைத்து வரச் சொன்னேன்.