நீர்முள்ளி

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலம் ஒன்றின் மேல் 'தால்மக்கானா' என்று அச்சிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நம் நீர்முள்ளி விதை! தால்மக்கானா இந்திச் சொல். இப்போது கடைகளில் பொரித்து விற்கும் வெள்ளை மக்கானா முற்றிலும் வேறு. அது பீகார்க் குளங்களில் விளையும் அல்லிக் குடும்பச் செடியின் விதை. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிட வாய்ப்புண்டு. நீர்முள்ளி விதை எள்ளைப் போலச் சிறியது, செம்பழுப்பு நிறம். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் நொடியில் வழவழப்பாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், நீர் வற்றிய வயல் என ஈரம் உள்ள இடமெல்லாம் இது வளரும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். இலையடியில் ஊசி போன்ற நீண்ட மஞ்சள் முள். அந்த முட்களுக்கு நடுவே ஊதாப் பூக்கள் நெருக்கியடித்துப் பூக்கும். பறிக்கக் கை நீட்டியவருக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முள்ளை உடையது முள்ளி. சங்க காலத்தில் இந்தச் சொல்லே தனித்து வழங்கியது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் புள்ளி நண்டு சேற்றில் ஆடிவிட்டு 'முள்ளி வேர் அளை'க்குள் போகிறது. அளை என்றால் வளை. முள்ளியும் ஆம்பலும் நண்டும் சேர்ந்தே வருவதால், உப்பங்கழியில் வளரும் கழிமுள்ளி அல்ல, நன்னீர்ச் செடியே இது என்று துணியலாம். சித்த மருத்துவத்தில் சிறுநீர் நன்கு பிரிய நீர்முள்ளிக் குடிநீர் கொடுப்பதால், 'நீர்' அதிலிருந்து வந்ததோ என்று எண்ணத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிமுள்ளி கழியால் பெயர் பெற்றதுபோல, இது நீரால் பெற்றது.

வடமொழியில் இது கோகிலாட்சம், குயிலின் கண். விதையின் செந்நிறத்தால் வந்த பெயர் என்பார்கள். தாவரவியலார் முன்பு வைத்த அஸ்டரகாந்தா என்ற பெயருக்கு விண்மீன் முள் என்று பொருள். இன்றைய ஹைக்ரோஃபிலா, ஈரத்தை விரும்புவது. ஒன்று முள்ளைச் சொல்கிறது, மற்றது நீரைச் சொல்கிறது. தமிழ்ப் பெயரில் இரண்டும் இருக்கின்றன.

மலையாளத்தில் வயல்ச்சுள்ளி. சிங்களத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'நீரமுல்லிய'. அண்டை மொழியிலும் வழங்கும் சொல் கையில் இருக்கும்போது, பொட்டலத்தின் மேல் 'நீர்முள்ளி விதை' என்று அச்சிட்டால் போதும்.