வண்டலில் கிடைத்த கல்

2006-ல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டில் கன்று நடக் குழி வெட்டினார். அதில் வழுவழுவென்று தேய்த்த கற்கோடரி ஒன்று கிடைத்தது. புதிய கற்காலத்துக் கருவி. அதன் மேலிருந்த நான்கு குறிகளைச் சிந்துவெளி எழுத்து என்று படித்தார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். டெல்டாக்காரர்களுக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு: இங்கே கல் ஏது?

எங்கள் பக்கம் தோண்டத் தோண்ட வண்டல், களி, மணல்தான். அம்மிகூட வெளியூரிலிருந்து வண்டியேறி வந்ததுதான். இதைப் பிள்ளைகள் கையாலேயே உணரட்டும் என்று பொங்கல் விழாவில், உறியடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பந்தல் போட்டோம். உள்ளே டோலரைட் என்ற கெட்டியான கரும்பாறையின் துண்டுகள் கொஞ்சம், ஒரு தட்டு ஆற்று மணல், ஒரு வாளி தண்ணீர். தேய்ப்பதற்கு, உடைந்த பழைய அம்மி ஒன்று.

கற்கோடரி செய்வதில் மூன்று வேலைகள். முதலில் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவம் கொண்டுவர வேண்டும். சில்லு பிளேடு மாதிரி வெட்டும், கண்ணிலும் தெறிக்கும். அதனால் அதைப் பெரியவர்களே கண்ணாடி போட்டுக்கொண்டு முன்கூட்டியே முடித்துவிட்டோம். அடுத்தது கொத்துவது. இன்னொரு கல்லால் பொத்துப் பொத்தென்று தட்டினால், மேலே இருக்கும் கனிமத் துகள்கள் நொறுங்கிப் பொடியாக உதிரும், மேடுகள் அடங்கும். இதற்கு அம்மி கொத்தும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அவரிடம் உளி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதுதான் பிள்ளைகளுக்கு. அம்மியில் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, கல்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும்.

"மாமா, மணலுதானே தேயும்? கல்லு எப்படித் தேயும்?" என்றாள் ஒரு சிறுமி.

நல்ல கேள்வி. காவிரி மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7; எண் கூடினால் கடினமும் கூடும். டோலரைட்டில் உள்ள கனிமங்களில் ஃபெல்ஸ்பார் 6, பைராக்சீன் 5-லிருந்து 6-க்குள். ஆக மணல் கல்லைக் கீறும். மணலும் உடையும், ஆனால் உடைந்த பரல்களுக்குப் புது முனைகள் கிடைக்கும். தண்ணீர் ஊற்றாவிட்டால் கல்பொடி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும்; மணல் உருளுமே தவிர அறுக்காது. கல் இல்லாத ஊரில் கல்லை அறுக்கும் பொருள் மட்டும் ஆறு நிறையக் கிடக்கிறது!

ஒரு மணி நேரம் மாறி மாறி இழுத்தார்கள். நகத்தளவு பளபளப்பு வந்தது.

இவ்வளவு பாடுபட்டுத் தேய்ப்பானேன்? அழகுக்கு மட்டுமல்ல. சில்லு பெயர்த்த விளிம்பில் நுண்ணிய விரிசல்கள் இருக்கும். மரத்தில் ஓங்கி வெட்டினால் அங்கிருந்துதான் கல் உடையும். தேய்த்தால் அந்த விரிசல்கள் போய்விடும், விளிம்பும் மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டாம், அரிவாளைத் தீட்டுவதுபோல மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

அம்மி கொத்தும் பெரியவர் அந்த நகத்தளவு பளபளப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"திருச்சிக்கு அந்தாண்டேர்ந்து. லாரியில."

"அவனுக்கு ஏது லாரி..." என்றபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆறு இருந்துச்சு, கால் இருந்துச்சு."