உருகத்தான் ஐஸ்

சென்னை ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கத்தில் மொட்டை மாடியில் ஒரு ரெஸ்டாரன்ட். பத்துப் பன்னிரண்டு மேசை, மங்கலான மஞ்சள் விளக்கு, கடல் காற்று. மூன்று பேர் சாப்பிட்டால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மது கிடையாது. ஆனால் காக்டெயில் கலக்குகிற அதே ஸ்டீல் ஷேக்கரை வைத்துக்கொண்டு ஒரு தம்பி மாக்டெயில் கலக்குவார். போன சனிக்கிழமை ராத்திரி நானும் மனைவியும் மாமனாரோடு போயிருந்தோம். மாமா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்த்தவர். வஞ்சிர வறுவலில் ஒரு விள்ளல் வாயில் போட்டதும் "நேத்து மீன்" என்றார். நல்லவேளை, மெதுவாகத்தான் சொன்னார்.

நான் புதினாவும் எலுமிச்சையும் போட்ட மொஹிட்டோ கேட்டேன். கூடவே வழக்கம்போல, "ஐஸ் கம்மியா போடுங்க தம்பி, தண்ணியாயிடும்" என்றேன்.

"கம்மியா போட்டா இன்னா ஆவும்? ஐஸும் கரைஞ்சு பூடும், ஜில்லுனும் இருக்காது" என்றார் மாமா. "மீன் பொட்டியிலயும் அதே கதைதான்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும் (டயட் சார்ட்டில் வரும் கலோரி இதைப்போல ஆயிரம் மடங்கு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், பூஜ்யம் டிகிரி வரை ஏறுவதற்குச் சுற்றியிருப்பதிடமிருந்து உறிஞ்சுவது சுமார் 9 கலோரிதான். அப்புறம் அதே ஐஸ் பூஜ்யத்திலேயே நின்றபடி உருகும்போது உறிஞ்சுவது 80 கலோரி. ஐஸுக்குள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிரித்துவிட அவ்வளவு வெப்பம் செலவாகிறது. பானத்தைக் குளிர வைப்பது பெரும்பாலும் இந்த உருகல்தான். உருகாத ஐஸால் பெரிதாகப் பயனில்லை.

சரி, 30 டிகிரியில் 200 மில்லி பானம். அதைத் தண்ணீர் என்றும், போடும் ஐஸ் ஏற்கெனவே பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பூஜ்யத்துக்குக் கொண்டுவர 6,000 கலோரியை வெளியே எடுக்க வேண்டும், அதாவது 75 கிராம் ஐஸ் உருக வேண்டும். நான் கேட்டபடி 50 கிராம் மட்டும் போட்டால் அத்தனையும் உருகிவிடும், பானமும் 8 டிகிரியோடு நின்றுவிடும். 150 கிராம் போட்டால்? 75 உருகும், மீதி 75 மிதக்கும், பானம் பூஜ்யம். 300 கிராம் போட்டாலும் அந்த நிமிஷத்தில் உருகுவது அதே 75தான். ஆக, ஐஸைக் குறைத்து நான் மிச்சம் பிடித்தது ஐந்து டீஸ்பூன் தண்ணீர். அதற்காக எட்டு டிகிரி குளிரை விட்டுக்கொடுத்தேன்.

ஷேக்கரைக் குலுக்குவது இதை அவசரப்படுத்தத்தான். அசையாமல் வைத்தால் ஐஸைச் சுற்றி ஒரு குளிர்ந்த படலம் நின்றுகொண்டு, சூடான பானத்தை நெருங்க விடாது. பத்துப் பதினைந்து நொடி குலுக்கினால் படலம் கலைந்து போகும். ஐஸும் உடைந்து, பானத்தைத் தொடும் பரப்பு கூடும். காசிமேட்டில் ஐஸ் பாரை மெஷினில் போட்டு நொறுக்குவதும் இதற்காகவே. பெரிய கட்டி மீனை நாலு இடத்தில்தான் தொடும். நொறுக்கிய ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் செவுளுக்குள்ளும் இடுக்குகளிலும் இறங்கிக் குளிரைக் கொண்டுபோகும். "ஐஸ் தண்ணி மீன் மேல ஓடிக்கினே இருக்கணும்" என்பார் மாமா.

மது சேர்ந்த காக்டெயிலில் இன்னொரு வேடிக்கை உண்டு. பூஜ்யம் டிகிரி ஐஸைப் போட்டுக் குலுக்கினாலே பானம் மைனஸ் 5 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஐஸின் மேற்பரப்பை பீச் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுகள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருக்கின்றன. ஏற வருகிற கூட்டத்தில் டிக்கெட் இல்லாத ஆல்கஹால் மூலக்கூறுகள் கலந்து நின்றால் ஏறுவது குறையும், இறங்குவது குறையாது. இறங்கும் ஒவ்வொன்றும் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பானம் பூஜ்யத்தைத் தாண்டிக் குளிர்கிறது. சர்க்கரையும் இதைச் செய்யும், ஆனால் கொஞ்சம்தான். உப்பு கெட்டிக்காரன்: ஐஸோடு சரியான அளவில் சேர்ந்தால் மைனஸ் 21 வரை இறக்கும். ஃப்ரீசர் வருவதற்கு முன்பே பானைக்குள் குல்ஃபி உறைந்தது அப்படித்தான்.

என் கிளாஸுக்கு வருகிறேன். பத்து நிமிஷத்தில் வெளிப்பக்கம் வியர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கிவிட்டது. கிளாஸ் கசிகிறதோ என்று மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள். அது காற்றில் இருந்த ஈரம். ராயபுரத்துக் கடல் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்! இதில்தான் யாரும் கவனிக்காத திருட்டு நடக்கிறது. ஒரு கிராம் நீராவி கிளாஸின் மேல் படிந்து தண்ணீராகும்போது சுமார் 580 கலோரியைக் கொட்டுகிறது. அதில் பாதிக்கு மேல் உள்ளே போனாலும் நாலைந்து கிராம் ஐஸ் காலி. மேசைமேல் இரண்டு டீஸ்பூன் தண்ணீர் தேங்கினால், உள்ளே ஐம்பது கிராம் ஐஸ் வரை அதற்கே போயிருக்கலாம். டிஷ்யூ பேப்பரைச் சுற்றினால் கைதான் நனையாது, ஐஸ் பிழைக்காது. இரட்டைச் சுவர் டம்ளராக இருந்தால் வெளிச்சுவர் குளிராது, வியர்வையும் வராது.

கடைசி வாய்க்குள் என் மொஹிட்டோ வெதுவெதுப்பாகி, சர்பத் மாதிரி தித்தித்தது. குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். அதை ஈடுகட்டத்தான் ஜில் பானங்களில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். ஜில் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது கிளாஸ் சொல்லும்போது, "ஐஸ் நிறையவே போடுங்க தம்பி" என்றேன். மாமா தனக்குச் சூடா ஒரு டீ கேட்டார்.